'ஷாக்', 'அதிர்ச்சி': மருத்துவப் பொருளும் வழக்குப் பொருளும்
(சித்தூர் – திருப்பதி இருமொழிச் சூழலை முன்வைத்து)

1. முன்னுரை

பொதுவழக்குச் சொல் ஒன்று கலைச்சொல்லாக மாறும்போது அதன் பழைய பொருள் விலகிப் போவதில்லை. புதிய பொருளின் அருகிலேயே தங்கிவிடுகிறது. அக்கலைச்சொல்லைத் துறையினர் தமக்குள் மட்டும் வழங்கும்வரை இதனால் இடர் விளைவதில்லை. துறையினரும் பொதுமக்களும் ஒரே இடத்தில், ஒரே சொல்லை, வெவ்வேறு பொருளில் வழங்க நேரும்போதுதான் இடர் தோன்றுகிறது. மருத்துவமனை அத்தகைய இடங்களுள் முதன்மையானது.

ஆங்கில மருத்துவத்தின் 'ஷாக்' என்னும் சொல்லையும், தமிழில் அதற்கு ஈடாக நிலைபெற்றுள்ள 'அதிர்ச்சி' என்னும் சொல்லையும் இவ்வகையில் இக்கட்டுரை ஆராய்கிறது. 'அதிர்ச்சி' என்பது ஆங்கிலச் சொல்லின் பெயர்ப்பேயன்றி நோயின் பெயர் அன்று. ஆங்கிலத்தில் வரலாற்று விபத்தாக நேர்ந்த பொருள்மயக்கத்தைத் தமிழ் தானே விரும்பி ஏற்றுக்கொண்டது என்பது இங்கு நிறுவப்படும் கருத்தாகும். தமிழும் தெலுங்கும் அன்றாடம் கலந்து வழங்கும் சித்தூர், திருப்பதிப் பகுதிகளின் வழக்கு இதனைத் தெளிவுபடுத்தத் துணைசெய்கிறது.

2. மருத்துவச் சொல் பிறந்த வகை

மருத்துவத்தில் 'ஷாக்' வழங்கத் தொடங்கியதே ஒரு மொழிபெயர்ப்பின் வழியாகத்தான் என மருத்துவ வரலாறு எழுதியோர் பலரும் கூறுவர். பிரெஞ்சு அறுவை மருத்துவர் லெ திரான் துப்பாக்கிக் காயங்களைப் பற்றி எழுதிய நூல் 1743இல் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டது. மூலநூலில் குண்டு உடலில் மோதும் வன்மை பேசப்பட்டது. ஆங்கிலப் பெயர்ப்பின்வழி அச்சொல், மோதுண்டபின் நோயாளி விரைந்து நலிவுறும் நிலைக்கு உரியதாயிற்று. காரணத்தின் பெயர் காரியத்திற்கு ஆகிவந்தது. தமிழிலக்கண மரபில் இதனைக் கருவியாகுபெயரோடு ஒப்பிடலாம். 1867இல் எட்வின் மாரிசு, அறுவைக்குப் பின்னும் காயத்திற்குப் பின்னும் தோன்றும் 'ஷாக்' பற்றித் தனிநூல் எழுதியபின் இச்சொல் மருத்துவர்களிடையே பரவியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நிலைக்குக் காரணம் நரம்பின் தளர்ச்சியே எனப் பலர் எண்ணினர். 'மோதல்' என்னும் சொற்பொருள் இவ்வெண்ணத்திற்கு இசைவாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், குறிப்பாக ஆல்பிரடு பிளலாக்கின் ஆய்வுகளுக்குப்பின், குருதியும் உடல்நீரும் இழக்கப்படுவதன் பங்கு தெளிவாயிற்று. இன்றைய மருத்துவத்தில் 'ஷாக்' என்பது, உடலின் இழையங்களுக்குத் தேவையான அளவு குருதியும் அதன்வழி உயிர்வளியும் சென்று சேராத நிலையாகும். குருதி அல்லது நீர் இழப்பு, இதயத்தின் இயக்கக் குறைவு, குருதியோட்டப் பாதையில் அடைப்பு, குருதிக்குழாய்கள் அளவுமீறி விரிதல் என அதன் காரணங்கள் நால்வகைப்படும். கடுந்தொற்றும் கடும் ஒவ்வாமையும் நான்காம் வகையைச் சார்ந்தவை. நால்வகையுள் எதற்கும் மோதலோ மனத்துயரோ இன்றியமையாதது அன்று. பெயர் பழையதாகவே இருக்க, பெயர்சுட்டும் பொருள் முற்றிலும் மாறிவிட்டது.

இதே காலப்பகுதியில் இச்சொல் வேறொரு கிளையாகவும் பிரிந்தது. முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளிலிருந்து நடுங்கியும் பேச்சிழந்தும் திரும்பிய வீரர்களின் நிலையைச் சார்லசு மயர்சு 1915இல் 'ஷெல் ஷாக்' என்னும் பெயரால் மருத்துவ இதழில் எழுதினார். குண்டு வெடிப்பே காரணம் எனக் கருதிய காலத்தில் எழுந்த அப்பெயர் பொருத்தமற்றது எனப் பின்னாளில் அவரே கருதினார். 1938இல் உரோமாபுரியில் செர்லெத்தியும் பினியும் மனநோய்க்கு மின்சாரத்தைப் பயன்படுத்தியபின் 'ஷாக் கொடுத்தல்' என்பதும் மருத்துவ வழக்காயிற்று. ஆக, ஆங்கில மருத்துவத்திலேயே குருதியோட்டம், மனம், மின்சாரம் என்னும் மூன்று பொருட்புலங்களில் ஒரே சொல் வழங்கலாயிற்று.

3. தமிழில் 'அதிர்ச்சி'

'அதிர்' என்னும் வினையடியாகப் பிறந்த தொழிற்பெயர் 'அதிர்ச்சி'. தொல்காப்பிய உரியியல் அதிர்வையும் விதிர்ப்பையும் நடுக்கம் என்னும் பொருளில் சேர்த்துரைக்கிறது. திருக்குறளின் அறிவுடைமை அதிகாரம், வருவதை முன்னறிந்து காக்க வல்லாரை அதிரச் செய்யும் நோய் ஏதும் இல்லை என்கிறது. அங்கு 'அதிர' என்பது நடுங்குதலையும் 'நோய்' என்பது துன்பத்தையும் குறிக்கும். மண் அதிர்தல், முரசு அதிர்தல், நெஞ்சு அதிர்தல் என்னும் வழக்குகள் அனைத்திலும் அசைவும் ஒலியும் உண்டு. அதிர்வது எதுவாயினும் அது புறத்தாரால் காணவோ கேட்கவோ படும்.

மருத்துவப் பொருளோ இதற்கு நேர்மாறானது. 'ஷாக்' நிலையிலுள்ள நோயாளி பெரும்பாலும் அடங்கிப்போய்க் கிடப்பார், கைகால் சில்லிடும், நாடி விரைந்து மெலியும், சிறுநீர் குறையும். தொடக்கத்தில் அவர் தெளிவாகப் பேசவும் கூடும். அதிர்தலைச் சுட்டும் சொல், அடங்குதலே அடையாளமாகவுள்ள நிலைக்குப் பெயராகியுள்ளது. ஆங்கிலம் அறிந்தார்க்கு 'ஷாக்' என்னும் மூலச்சொல் இடைநின்று பொருளுணர்த்தும். ஆங்கிலம் அறியாதார்க்கு 'அதிர்ச்சி' தன் தமிழ்ப்பொருளையே உணர்த்தும். வேறெதையும் உணர்த்த அதற்கு வழியில்லை. கடன்மொழிபெயர்ப்பின் அடிப்படைக் குறை இதுவே.

பொதுவழக்கில் 'அதிர்ச்சி' மனத்தின்பாற்பட்டது என்பதை இதழியல் தமிழ் உறுதிப்படுத்துகிறது. 'அதிர்ச்சித் தகவல்', 'பேரதிர்ச்சி', 'அதிர்ச்சியும் வேதனையும் அடைந்தேன்' என்பவை நாள்தோறும் காணப்படுபவை. 'அதிர்ச்சி வைத்தியம்' என்னும் தொடர் மனநல மருத்துவத்திலிருந்து அரசியல் எழுத்துக்குப் பெயர்ந்து, எதிர்பாராத கடும் நடவடிக்கையைக் குறிக்கும் மரபுத்தொடர்போல் ஆகிவிட்டது. மின்சாரத்தைப் பொறுத்தவரை நிலை வேறு. பாடநூல்கள் 'மின்னதிர்ச்சி' என எழுதினும், செய்தித்தாள் 'மின்சாரம் தாக்கி' என்றே எழுதுகிறது. மக்கள் 'கரண்ட் அடித்தது', 'ஷாக் அடித்தது' என்கின்றனர். எனவே 'அதிர்ச்சி' மக்கள் வழக்கில் மின்பொருளைக்கூட முழுமையாக ஏற்கவில்லை. மருத்துவப் பொருளை ஏற்றது எனக் கொள்ளுதல் இயலாது.

4. அதிர்ச்சியும் இறப்பும்

பெருந்தலைவர் ஒருவர் மறையும்போது 'அதிர்ச்சியில் இறந்தவர்கள்' எனப் பட்டியல் வெளியாவது தென்னிந்திய வழக்கம். 2009 செப்டம்பர் 2ஆம் நாள் ஆந்திர முதலமைச்சர் இராசசேகர ரெட்டி ஹெலிகாப்டர் விபத்தில் மறைந்தபோதும், 2016 டிசம்பர் 5ஆம் நாள் தமிழக முதலமைச்சர் ஜெயலலிதா மறைந்தபோதும் அவ்வாறு செய்திகள் வந்தன. முன்னவரின் மகன், துயரத்தால் இறந்தோர் எனப்பட்டவர்களின் குடும்பங்களை 2010 முதல் நேரிற் சென்று கண்ட பயணத்திற்கு 'ஓதார்ப்பு யாத்திரை' என்று பெயர். 'ஓதார்ப்பு' தெலுங்கில் ஆறுதலைக் குறிக்கும்.

இவ்வழக்கில் 'அதிர்ச்சி' இறப்புக்கே காரணமாகக் கூறப்படுவது கவனிக்கத்தக்கது. மனத்துயர் உயிரைப் போக்கும் என்னும் நம்பிக்கை முற்றிலும் பொய்யன்று. கடுந்துயரால் இதயத்தசை திடீரெனத் தளரும் நிலை ஒன்றை 1990இல் சப்பானிய மருத்துவர்கள் விளக்கினர். அரிதாக அது மருத்துவப் பொருளிலான 'ஷாக்' வரை செல்வதும் உண்டு. தீச்செய்தி கேட்டு மயங்கி விழுவோர்க்கும் சிறிதுபொழுது குருதியழுத்தம் தாழ்கிறது. படுக்கவைத்தால் பெரும்பாலோர் தாமே தெளிவர். இவ்விரு நிகழ்வுகளுமே வழக்குப் பொருளையும் மருத்துவப் பொருளையும் ஒன்றெனக் காட்டுகின்றன. ஆனால் இரண்டின் தேவையும் வேறு. மன அதிர்ச்சிக்கு வேண்டுவது ஓதார்ப்பு. குருதியோட்டம் சரிந்தவர்க்கு வேண்டுவது, காரணத்திற்கேற்பக் குழாய்வழி நீர்மம், குருதி, மருந்து முதலியன, அவையும் காலந்தாழாமல். சொல் ஒன்றாயிருத்தலால் பின்னதற்கும் முன்னதையே செய்யும் மனப்போக்கு உருவாகிறது.

5. எல்லைப்பகுதி வழக்கு

சித்தூர் மாவட்டம் 1911இல் உருவாக்கப்பட்டது; அதுவரை சித்தூர் வடஆர்க்காட்டின் தலைமையிடமாக இருந்தது. 1960இல் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி முதலான பகுதிகள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஆட்சியெல்லை பலமுறை மாறியும் பேச்செல்லை அதனோடு மாறவில்லை. நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பகுதிகளில் தமிழ் பேசுவோர் மிகுதி. குப்பத்தில் 1997இல் திராவிடப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டமைக்கு அவ்வூர் மும்மொழிச் சந்தியாக இருத்தலும் பொருந்திய பின்னணியாகும். சித்தூர்ப் பகுதியினர் மருத்துவத்திற்கு வேலூர் வருவதும், திருமலைக்கு வரும் தமிழ் அடியார்கள் நலங்குன்றினால் திருப்பதியின் மருத்துவமனைகளில் சேர்க்கப்படுவதும் வழக்கம். எனவே தெலுங்கு மருத்துவர் – தமிழ் உறவினர், தமிழ்ச் செவிலியர் – தெலுங்கு நோயாளி என்னும் இணைகள் இங்கு இயல்பானவை.

'அதிர்' என்பதற்கு இனமான 'அதுரு', 'அதரு' என்னும் வினைகள் தெலுங்கிலும் உண்டு. 'குண்டெ அதிரிந்தி' என்றால் நெஞ்சு திடுக்கிட்டது எனப் பொருள். ஆனால் இன்றைய பேச்சுத் தெலுங்கில் தனித்து நிற்கும் 'அதிரிந்தி' என்பது 'மிக நன்றாயிருந்தது' என்னும் பாராட்டு. தமிழ் உறவினர் 'அதிர்ச்சி' என்று கூறுவதைத் தெலுங்கர் தம் மொழியின் இனச்சொல்லைக் கொண்டு உணர முயன்றால் நோயை அணுகவே இயலாது. துயரச் செய்திகளில் தெலுங்கு இதழ்கள் வழங்குவது 'திக்ப்ராந்தி'. சொல்லளவில் அது திசைமயக்கமாகும். மின்சாரத்திற்கு எழுத்துவழக்கில் 'வித்யுதாகாதம்' என்பர். இதன் ஈற்றுப்பகுதி அடித்தல், தாக்குதல் எனப் பொருள்படும் வடசொல். ஆக, தமிழ் நடுக்கத்தையும் தெலுங்கு திசைமயக்கத்தையும் மனப்பொருளுக்கு அடிப்படையாகக் கொண்டுள்ளன. மின்பொருளுக்கு இரண்டும் தாக்குதலையே கொண்டுள்ளன.

இவ்வேறுபாட்டிற்கிடையே இருமொழியாளர் அனைவர்க்கும் பொதுவாக நிற்பது 'ஷாக்' என்னும் கடன்சொல்லே. அதன் பலபொருளைப் பேச்சுவழக்கு எவ்வாறு கையாள்கிறது என்பது மொழியியலார் கவனத்திற்குரியது. பெயரை மாற்றாமல், துணைநிற்கும் வினையை மாற்றி வழக்கு பொருளைப் பிரித்துக்கொள்கிறது.

'ஷாக் அடித்தது' (தெலுங்கில் 'ஷாக் கொட்டிந்தி') – மின்சாரம்.
'ஷாக் ஆனான்' ('ஷாக் அய்யாடு') – மனத்திகைப்பு.
'ஷாக் கொடுத்தார்' ('ஷாக் இச்சாடு') – எதிர்பாராச் செயல், மருத்துவமனையில் மின்சிகிச்சை.
'ஷாக்குக்குப் போய்விட்டார்' ('ஷாக்லோகி வெள்ளாடு') – குருதியோட்ட நிலை.

முதல் மூன்றில் 'ஷாக்' ஒரு நிகழ்ச்சி. நான்காவதில் அது ஓர் இடம்போல் அமைந்து, நோயாளி அதனுள் செல்பவராகிறார். வேற்றுமையுருபே நிகழ்ச்சியை நிலையினின்று வேறுபடுத்துகிறது. இரு மொழிகளும் ஒரே அமைப்பை மேற்கொண்டிருப்பது நெடுங்காலத் தொடர்பிற்குச் சான்றாகிறது. எழுத்துத் தமிழின் 'அதிர்ச்சி' இவ்வசதியைப் பெறவில்லை. 'அதிர்ச்சி அடைந்தார்', 'அதிர்ச்சிக்கு உள்ளானார்', 'அதிர்ச்சியில் உள்ளார்' ஆகிய மூன்றுமே மனத்தையே சுட்டுகின்றன. மருத்துவக் குறிப்பில் 'நோயாளி அதிர்ச்சியில் உள்ளார்' என எழுதினால், பேச்சுவழக்கு வினையால் காத்துவைத்த வேறுபாட்டை எழுத்து அழித்துவிடுகிறது. இவ்விடத்தில் பேச்சுமொழி எழுத்துமொழியைவிடத் துல்லியமானது.

6. மயக்கத்தின் விளைவு

இம்மயக்கம் சொல்லாராய்ச்சியோடு முடிவதன்று என்பதற்கு டெங்குக் காய்ச்சல் சான்றாகும். இந்நோயில் இடர்மிகுந்த காலம் காய்ச்சல் உச்சத்திலிருக்கும் காலமன்று. பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் தணியும்போது அது தொடங்குகிறது. குருதிக்குழாய்களிலிருந்து நீர்மம் கசிந்து, கைகால் குளிர்ந்து, குருதியழுத்தத்தின் மேலளவும் கீழளவும் நெருங்கிவரும். 'காய்ச்சல் விட்டது' எனக் குடும்பத்தார் மகிழும் நேரமும் அதுவே. 'டெங்கு அதிர்ச்சி ஏற்படலாம்' என்னும் அறிவிப்பைப் படிக்கும் தாய், குழந்தை அஞ்சியோ திடுக்கிட்டோ அழக்கூடும் எனப் பொருள்கொள்வாளேயன்றி, அடங்கிக் கிடக்கும் குழந்தையை ஐயுறமாட்டாள். எச்சரிக்கவேண்டிய சொல் இங்குக் கவனத்தைத் திசைதிருப்பிவிடுகிறது.

ஒவ்வாமையால் குருதியழுத்தம் தாழ்ந்தவரைத் திடீரென எழுப்பி நிற்கவைத்தலும் உட்காரவைத்தலும் உயிருக்கே இறுதியாகலாம். நினைவு குன்றியவர் வாயில் நீர் புகட்டினால் அது மூச்சுக்குழலுக்குள் செல்லக்கூடும். திடுக்கிட்டவரைத் தட்டியெழுப்பி, நீர்கொடுத்து, தேற்றுதல் நம் மரபு. 'அதிர்ச்சி' என்னும் சொல் அம்மரபையே நினைவூட்டும். அறுவைக்கோ சிகிச்சைக்கோ ஒப்புதல் பெறும் படிவத்தில் இச்சொல் நின்றால், கையொப்பமிடுவோர் எதற்கு ஒப்புகின்றனர் என்பதும் ஐயத்திற்குரியதாகிறது.

7. மாற்றுச் சொற்களின் மதிப்பீடு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிசுக் கிறீன், தமிழ்ச்சொல் கிடைக்கும் இடத்தில் அதனையும், கிடையாத இடத்தில் வடசொல்லையும், இரண்டும் உதவாத இடத்தில் ஆங்கில ஒலிபெயர்ப்பையும் மேற்கொண்டார். வேதியியல் நூலுக்குக் 'கெமிஸ்தம்' எனப் பெயரிட்டமை இறுதி நெறிக்கு எடுத்துக்காட்டு. இந்நெறியில், தமிழ்ச்சொல் 'கிடைத்தல்' என்பது ஆங்கிலச் சொல்லுக்கு ஈடு கிடைத்தலா, ஆங்கிலச் சொல் சுட்டும் பொருளுக்கு ஈடு கிடைத்தலா என்னும் வினாவை எழுப்புதல் வேண்டும். 'அதிர்ச்சி' முதலாவதை மட்டும் நிறைவேற்றுகிறது.

வேறு சொற்களும் எண்ணிப்பார்க்கத் தக்கன. 'சுற்றோட்ட அதிர்ச்சி' எனும் தொடரில் அடைமொழி திருந்தினும் தலைச்சொல் பழைய பொருளையே தரும். 'சன்னி' மரபு மருத்துவத்தில் வேறு நோய்களுக்கு உரியது. 'நாடி விழுதல்', 'கைகால் சில்லிடுதல்' என்னும் மக்கள் வழக்குகள் நிலையை நேரே காட்டும் வலிமையுடையன. ஆயினும் கடுந்தொற்றின் தொடக்கத்தில் உடல் வெதுவெதுப்பாகவே இருக்கலாமாதலால் அவை எல்லா வகைக்கும் பொருந்தா. 'இரத்த அழுத்தக் குறைவு' என்பதும் போதாது. குழந்தைகளிடம் குறிப்பாக, அழுத்தம் தாழுமுன்பே இந்நிலை தோன்றிவிடும். 'குருதியூட்டக் குறைவு' கருத்தளவில் மிகப் பொருத்தமாயினும், 'ஊட்டம்' உணவையும் சத்தையும் நினைவூட்டிச் சோகையொடு மயங்கவைக்கும். 'நிலைகுலைவு' மீண்டும் மனத்திற்கே இட்டுச்செல்லும்.

எஞ்சுவது 'குருதியோட்டச் சரிவு'. எது கெடுகிறது என்பதை முன்மொழியும், எவ்வாறு கெடுகிறது என்பதைப் பின்மொழியும் கூறுகின்றன. 'சரிவு' படிப்படியாகத் தொடங்கி விரைந்து முடிவதை உணர்த்தும். தடுத்து நிறுத்த இடமுண்டு என்னும் குறிப்பும் அதில் உண்டு. மக்களிடம் பேசுகையில் 'இரத்த ஓட்டம் சரிந்துவிட்டது. உறுப்புகளுக்கு இரத்தம் போதவில்லை' என விரித்துரைக்கலாம். தெலுங்கில் 'ரக்த ப்ரசரண தக்கிந்தி' என்னும் தொடர் இதனோடு ஒத்துச் செல்வதால் எல்லைப்பகுதியில் இருமொழி அறிவிப்புகளுக்கும் இது பயன்படும். இச்சொல்லுக்கும் குறையுண்டு. ஓர் உறுப்புக்கு மட்டும் குருதி தடைப்படும் நிலையொடு இது மயங்கலாம்; 'உடல்முழுதும்' என ஓரிரு இடங்களில் அடைகொடுத்து அதனை விலக்குதல் இயலும்.

பாடநூல்களில் 'அதிர்ச்சி' ஏற்கெனவே வேரூன்றிவிட்டதால் மாற்றம் குழப்பமே தரும் என ஒருசாரார் கூறலாம். மாணாக்கர்க்கு அது பொருந்தும். அவர்கள் வரையறையோடு சேர்த்தே சொல்லைக் கற்பவர்கள். நோயாளியின் உறவினர் வரையறையைக் கற்பதில்லை; அவர் கேட்பது சொல்லை மட்டுமே. ஆகவே ஒரே கலைச்சொல் வகுப்பறைக்கும் படுக்கையருகிற்கும் பொதுவாதல் வேண்டும் என்னும் கொள்கையே மறு ஆய்வுக்குரியது. கலைச்சொற்பட்டியல் தொகுப்போர், ஒவ்வொரு சொல்லுக்கும் துறைவழக்கு, பொதுமக்கட்குரிய விளக்கத்தொடர் என இருபகுதி அமைத்தல் நன்று.

8. முடிவுரை

ஆங்கிலத்தில் 'ஷாக்' பலபொருள் பெற்றது போர்க்களம், மொழிபெயர்ப்பு, மின்சாரம் ஆகியவற்றின் வரலாற்றால் ஆகும். அவ்வரலாறு தமிழுக்கு உரியதன்று. அதன் மயக்கத்தை மட்டும் தமிழ் சுமக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. 'அதிர்ச்சி' மனத்திற்கு உரியதாகவே நிற்கலாம். பேச்சில் 'ஷாக்' தன் வினைகளோடு வழங்கலாம். அறிவிப்பிலும் ஒப்புதற் படிவத்திலும் 'குருதியோட்டச் சரிவு' விளக்கத்தோடு இடம்பெறலாம். மொழிபெயர்ப்பாளர் முதலிற் கேட்கவேண்டிய வினா, இச்சொல்லுக்குத் தமிழ் என்ன என்பதன்று. இச்சொல்லைக் கேட்பவர் அடுத்து என்ன செய்வார் என்பதே. சித்தூரிலும் திருப்பதியிலும் இருமொழியாளர் வினையையும் வேற்றுமையையும் கொண்டு பொருளைப் பிரித்து வழங்கும் முறை, கலைச்சொல்லாக்கக் குழுக்கள் மக்கள் வழக்கிலிருந்து கற்கவேண்டியது இன்னும் உண்டு என்பதை உணர்த்துகிறது.